கதைக்கு மூன்று பேர் அதிகம்

படத்தில் நானும் சென்னியப்பனும் ஒரே ஆள்.
அவனுடைய தாடி, என்னுடைய வாய்.
'கதைக்கு மூணு பேர் அதிகம் மேடம்' என்றார்
ஒப்புதல் தாளோடு வந்த உதவி இயக்குநர்.
பேனாவும் அவருடையதுதான்.

சரவணம்பட்டியில் காலைக் காட்சி.
ஒரு பக்கம் நாலு கல்லூரிப் பையன்கள்,
மறு பக்கம் என் கைப்பை.

திரையில் கணபதி.
எங்கள் தகரக் கொட்டகையைச் சென்னையில் எங்கோ
செட்டுப் போட்டிருக்கிறார்கள்,
துரு கூட அளவாகப் பூசியிருந்தது.
பக்கத்து லேத்துப் பட்டறைச் சத்தம்தான் இல்லை.
அந்தச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசியே
ஆறு மாதத்தில் எங்களுக்குத் தொண்டை மாறிப்போனது.
வங்கி மேலாளர் முன்னாலும் கத்தினோம்.
சண்டைக்காரர்கள் என்று
கோப்பில் எழுதி வைத்துக்கொண்டார்.

தரணிதரனின் அப்பாவைப் பாம்பு கடிக்கிறது.
ராத்திரி ரெண்டு மணிக்கு மும்முனை மின்சாரம் வருகிறது,
மோட்டார் போட வரப்பில் போகிறார், கடிக்கிறது.
பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து
மகன் கைப்பேசியை உற்றுப் பார்க்கிறான்:
படுக்கையிலிருந்தே ஒரு மிஸ்டு கால்,
கிணற்றடியில் மோட்டார் ஓடினால்?
பையன்கள் அமைதியானார்கள்.
தரணியின் அப்பா அன்னூரில் சௌக்கியமாக இருக்கிறார்.
ஜவுளிக்கடை. தோட்டமே கிடையாது.

படத்துப் பெட்டி கறுப்பு, ஓரத்தில் நீல விளக்கு.
எங்களுடையது சென்னியின் எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா,
திறந்தால் புளிச்சோறு வாசம்.
எவர்சில்வருக்குள் சிக்னல் வராது என்பது
மூன்றாம் நாள்தான் உறைத்தது.
மூன்று பேருமே பொறியாளர்கள்.

திரையில் முதல் அழைப்புக்கே தண்ணீர் பீறிட்டது,
மழையும் பெய்தது, கட்டிக்கொண்டார்கள்.

சுல்தான்பேட்டைத் தோட்டத்தில் அந்த ராத்திரி
நாற்பது தடவை அடித்தோம்.
காங்கேயத்தில் ஒரு அம்மா எடுத்தார்.
'ஏனுங், யாருங்?'
பத்தாவது தடவை நல்ல வசவு.
இருபதுக்கு மேல் எடுக்கவில்லை.
விடியும்போது அவரே கூப்பிட்டார்:
'கண்ணு, ஏதாச்சும் அவசரமுங்களா?'
அப்புறம்தான் சீட்டைப் பார்த்தோம்.
தரணியின் கையெழுத்தில்
ஏழும் ஒன்றும் ஒரே மாதிரி.

நான் வெளியே வந்தது அவிநாசி சாலையில்,
வங்கிப் படிக்கட்டில், முத்திரைத்தாள் மடியில்.
எண்பது அவனுக்கு. இருபது சென்னிக்கு.
'நீ எப்படியும் கண்ணாலமாகிப் போயிருவ' என்றான்.
லேத்துச் சத்தம் இல்லாத இடம்,
கத்த வேண்டியிருக்கவில்லை.
சென்னி செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அந்த வசனம் படத்திலும் இருக்கிறது.
யார் சொல்லி அவர்களுக்குத் தெரிந்ததோ.
வங்கி மேலாளர் சொல்கிறார், அவர்தான் வில்லன்,
தேநீர் கொண்டுவரும் கதாநாயகியைப் பார்த்து.
தரணி எழுந்து மேசையில் ஓங்கி அடிக்கிறான்.
'அவ இல்லைன்னா இந்தக் கம்பெனியே இல்லடா.'
விசில்.
முன்வரிசையில் ஒருத்தர் துண்டைச் சுழற்றினார்.
எனக்கும் ஒரு கணம்
அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

பெயர் ஓடும்போதே கிளம்பிவிட்டேன்.
துடியலூர் பட்டறையில் ஆறு பேர்
சம்பளத்துக்குக் காத்திருப்பார்கள்,
சனிக்கிழமை.

வண்டி நிறுத்தத்தில் அந்த எண்ணை அடித்தேன்.
விரலுக்கு ஞாபகம் இருந்தது,
ஏழா ஒன்றா என்பதைத் தவிர.
ஒன்று போட்டேன்.
சின்னப் பையன் குரல்: 'யாருங்?'
'ஒண்ணுமில்லீங் தம்பி,
மோட்டார் ஓடுதான்னு பார்த்தேன்.'
'எங்களுக்குக் கெணறே இல்லீங்க்கா.'

பின்னால் கார்க்காரர் ஹாரன் அடித்தார்.
நிறுத்தச் சீட்டு பைக்குள் எங்கோ இருந்தது,
இப்போதுதான் பார்த்தேன்.